அட்லாண்டாவில் ஒரு திருமணம் – கடிதம்

அன்புள்ள அக்காவுக்கு,

உங்கள் கட்டுரையைப் படித்துவிட்டு டயாரி ஜோன்ஸின் ‘ஆன் அமெரிக்கன் மேரேஜ்’ நாவலை வாங்கிப் படித்தேன். அட்லாண்டாவுக்கு வடக்கே கம்மிங்கில் குடும்பத்தோடு இருக்கிறேன். சாஃப்ட்வேர் வேலை. நம் ஊர்க் கதை என்று ஆசையாக எடுத்தேன். அமெரிக்கத் தெற்கு என்றால் பருத்திக்காடு, அடிமைகள், வெள்ளைக்காரப் பண்ணையார் என்று நினைத்திருந்தேன். இதிலோ நல்ல வேலையும் சொந்த வீடும் உள்ள ஒரு கறுப்பினத் தம்பதி. கணவன் செய்யாத குற்றத்துக்குச் சிறைக்குப் போகிறான், மனைவி சிறுவயது நண்பனோடு சேர்ந்துவிடுகிறாள். நிறவெறி பற்றிய நாவல் என்றார்கள், எனக்கு இது வெறும் குடும்பக் கதையாகத்தான் பட்டது. மனைவி செலஸ்டியல் மேல் கோபமும் வந்தது. ஐந்து வருடம் காத்திருக்கக் கூடாதா? எங்கள் பக்கம் நிறம் சார்ந்த பிரச்சினை எதுவும் நான் பார்த்ததில்லை. நல்ல பள்ளிக்கூடங்கள், அமைதியான தெருக்கள். அந்த நாவலில் வரும் அட்லாண்டா எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை.

கே.
கம்மிங், ஜார்ஜியா

அன்புள்ள கே.,

குடும்பக் கதை என்று நீங்கள் படித்தது சரிதான். ‘வெறும்’ என்பதில்தான் எனக்குச் சம்மதமில்லை.

அந்த மோட்டல் இரவை மறுபடி படித்துப் பாருங்கள். ஐஸ் எடுக்கப் போன இடத்தில், தன் அம்மா வயதுள்ள ஒரு பெண்ணுக்குக் கணவன் ராய் உதவுகிறான். அன்றிரவு அந்தப் பெண்ணை யாரோ பலாத்காரம் செய்கிறார்கள், அவள் ராயை அடையாளம் காட்டுகிறாள். ராய் அந்த நேரத்தில் மனைவியோடு அறையில் இருந்தவன். செலஸ்டியல் கோர்ட்டில் அதைச் சொல்கிறாள், எடுபடவில்லை. 12 ஆண்டுத் தண்டனை, ஐந்து வருடம் கழித்துத்தான் அது ரத்தாகி அவன் வெளியே வருகிறான். வெள்ளைக்காரர் யாரும் வந்து வசைபாடுவதில்லை, கொடூரமான போலீஸ்காரர் என்று ஒரு பாத்திரத்தை நிறுத்திவைத்து அவர்மேல் பழியைப் போடுவதும் இல்லை. வழக்கு சில பக்கங்களில் முடிந்துவிடுகிறது. அதன் பிறகு வரும் அத்தனை பக்கங்களும் அந்தத் தீர்ப்பு ஒரு வீட்டுக்குள் என்ன செய்கிறது என்பதைப் பற்றித்தான்.

வழக்கு நடப்பது லூசியானாவில். அங்கே வழக்கைக் கேட்டுத் தீர்ப்புச் சொல்லும் பொதுமக்களான 12 ஜூரர்களில் 10 பேர் சொன்னாலே ஒருவரைக் குற்றவாளி என்று தீர்த்துவிடலாம் என்ற விதி வெகுகாலம் இருந்தது. ஜூரியில் ஒன்றிரண்டு கறுப்பினத்தவர் உட்கார்ந்தாலும் அவர்கள் பேச்சு செல்லக் கூடாது என்பதற்காக, 1898-இல் எழுதிய மாநில அரசியல் சட்டத்தில் விதைத்த விதி அது. (அப்போது 9 பேரே போதும்.) அந்த விதியை எடுக்க மக்கள் வாக்களித்தது 2018 நவம்பரில். நாவல் வெளிவந்ததும் அதே ஆண்டுதான். இந்த வரலாறு உள்ள ஊரில், என் புருஷன் என் பக்கத்தில்தான் இருந்தார் என்று ஒரு கறுப்பினப் பெண் சொல்லும் சொல்லுக்கு என்ன எடை கிடைத்திருக்கும்?

செலஸ்டியல் மேல் உங்களுக்கு வந்த கோபத்தை நாவலாசிரியர் எதிர்பார்த்தே எழுதியிருக்கிறார் என்று நினைக்கிறேன். சிறைக்காலம் முழுவதையும் கடிதங்களாகவே வைத்திருக்கிறார். ராய் கைதானபோது கல்யாணமாகி ஒன்றரை வருடம்தான் ஆகியிருந்தது. அந்தக் கடிதங்கள் மெல்ல மெல்ல வேறு தொனிக்குப் போகின்றன. ராயின் சாயலில் செய்த பொம்மைக்குச் சிறை உடை மாட்டி அவள் பரிசு வாங்குகிறாள், ஆனால் கணவன் சிறையில் இருப்பதை வெளியே சொல்வதில்லை. ராய் அதைக் கேட்டு எழுதும் கடிதத்தைப் படிக்கும்போது எனக்கு இருவர் பக்கமும் நிற்கத் தோன்றியது. காத்திருப்பது மனைவியின் கடமை என்று நாம் சுலபமாகச் சொல்லிவிடுகிறோம். அந்த ஐந்து வருடத்தை இருவரிடமிருந்தும் பறித்தது அரசு. அதற்கான கணக்கை அவள் ஒருத்தியிடம் கேட்பது எந்த நியாயம்?

சரி, அட்லாண்டாவுக்கு வருகிறேன். டயாரி ஜோன்ஸ் திரும்பத் திரும்ப எழுதுவது அவர் வளர்ந்த தென்மேற்குப் பகுதியை. வெறுக்க நேரமில்லாத நகரம் என்று பெருமை பேசிக்கொண்ட அதே அட்லாண்டாவில், 1962 டிசம்பரில் பெய்டன் ரோட்டின் குறுக்கே மாநகராட்சியே தடுப்பு வைத்தது. கறுப்பினத்தவர் தென்மேற்கில் உள்ள கேஸ்கேட் ஹைட்ஸ் பக்கம் வீடு வாங்கிக் குடியேறுவதை நிறுத்தத்தான். அதைச் செய்த மேயர் ஐவன் ஆலன் மிதவாதி என்று பேர் வாங்கியவர். மறு ஆண்டு மார்ச்சில் தடுப்பு செல்லாது என்று கோர்ட் சொன்னது. தடுப்பை எடுத்த சில மாதங்களில் வெள்ளையர்கள் வீடுகளை விற்றுவிட்டுக் கிளம்பிவிட்டார்கள். பிறகு கறுப்பின மருத்துவர்களும் ஆசிரியர்களும் வியாபாரிகளும் அங்கே கட்டிக்கொண்ட வாழ்க்கைதான் அவர் நாவல்களில் வருகிறது. அதனால்தான் அவருடைய பாத்திரங்கள் பெரும்பாலும் தங்கள் மக்களோடே பேசுகிறார்கள், தங்களுக்குள்ளேயே சண்டை போடுகிறார்கள். ஒரு வெள்ளை முகம்கூட இல்லாத பக்கத்திலும் அந்தத் தெருவை அப்படி ஆக்கியது நிறம்தான்.

அப்புறம் உங்கள் கம்மிங். இதைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. நீங்கள் இருப்பது ஃபோர்சைத் கவுண்டியின் (நம் மாவட்டம் மாதிரி) தலைநகரில். 1912-இல் அங்கே ஒரு வெள்ளைக்காரப் பெண்ணின் கொலையை ஒட்டி, கைதான கறுப்பினத்தவர் ஒருவரைக் கும்பல் சிறையிலிருந்து இழுத்துவந்து கொன்றது. பதின்ம வயதுப் பையன்கள் இருவரை அவசர விசாரணை நடத்தித் தூக்கில் போட்டார்கள். அடுத்து, இரவில் குதிரையில் வந்தவர்கள் கவுண்டியில் இருந்த சுமார் 1,100 கறுப்பினத்தவரை ஏறக்குறைய முழுவதுமாக விரட்டினார்கள். நிலம், வீடு, தேவாலயம் எல்லாம் போயின. முக்கால் நூற்றாண்டு அந்த இடம் வெள்ளையருக்கு மட்டும் என்றே இருந்தது. 1987 ஜனவரியில் அதை எதிர்த்து ஊர்வலம் போனவர்கள்மேல் கல் எறிந்தார்கள். அடுத்த வாரம் சுமார் 20,000 பேர் திரண்டு வந்தார்கள். நம் ஆட்கள் இன்று அங்கே நிம்மதியாக வீடு வாங்குகிறார்கள் என்றால், இவ்வளவும் நடந்த மண்ணில்தான் வாங்குகிறார்கள். இது உங்கள் தவறு என்று சொல்லவில்லை. பிரச்சினை எதுவும் கண்ணில் படவில்லை என்று எழுதியிருந்தீர்கள், அந்த அமைதி எப்படி வந்தது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள் என்றுதான்.

அடுத்து அவருடைய ‘சில்வர் ஸ்பாரோ’வைப் படியுங்கள். 1980-களின் அட்லாண்டா, இரண்டு குடும்பம் வைத்திருக்கும் ஒரு அப்பா, இரண்டு மகள்கள். மறைவில் வளரும் டானா முதல் பாதியைச் சொல்கிறாள். அவளுக்கு எல்லாம் தெரியும். இரண்டாம் பாதியைச் சொல்லும் ஷரீஸுக்கு எதுவுமே தெரியாது. ஷரீஸின் அம்மா நடத்தும் பியூட்டி பார்லர் காட்சிகளை மட்டும் அவசரப்படாமல் படியுங்கள். 1979 முதல் 81 வரை அட்லாண்டாவில் கறுப்பினக் குழந்தைகள் வரிசையாகக் கொல்லப்பட்டதைப் பள்ளிப் பிள்ளைகளின் கண்ணால் சொல்லும் ‘லீவிங் அட்லாண்டா’வை அதற்குப் பிறகு எடுங்கள். உங்களுக்குப் பிள்ளைகள் இருப்பதால் அது கனமாக இருக்கும். ஷரீஸ் பகுதியை முடித்ததும் இரண்டு அம்மாக்களில் யார் மேல் கோபம் வந்தது என்று எழுதுங்கள்.

அன்புடன்,
அக்கா