ரூக்கி விருது வாங்கியவரெல்லாம் நாளைய நட்சத்திரமா?

கேள்வி: அமெரிக்க மேஜர் லீக் பேஸ்பாலில் போன வருஷமே ஆடிய ஒருவர் இந்த வருஷம் எப்படி ரூக்கி (புதுமுகம்) ஆகிறார்? ரூக்கி ஆஃப் தி இயர் விருது வாங்கியவர் பெரிய ஆளாக வருவார் என்று நம்பலாமா?

பதில்: இதைக் கேட்கிறவர் பெரும்பாலும் ஏதோ ஒரு வாக்குவாதத்தின் நடுவில் நிற்பவர்தான். உங்கள் அணியின் 21 வயதுப் பையன் முதல் மாதத்தில் .200 (பத்து வாய்ப்பில் இரண்டு ஹிட்) சராசரிகூட அடிக்கவில்லை. எதிர் அணி ரசிகர் “இவன் தேறமாட்டான்” என்கிறார். நீங்கள் “பொறுத்துப் பாருங்கள்” என்கிறீர்கள். இருவரும் வெவ்வேறு விஷயத்தைப் பேசிக்கொண்டிருக்கிறீர்கள். விருது என்பது முடிந்துபோன ஒரு சீசனுக்குக் கொடுக்கும் கூலி. பிராஸ்பெக்ட், அதாவது வளர்ந்துவரும் இளம் ஆட்டக்காரர், பற்றிய பேச்சு அடுத்த பத்து வருஷத்துக்கான கணிப்பு. இரண்டையும் ஒரே தராசில் வைப்பதால்தான் சண்டை முடிவதில்லை.

முதலில் யார் ரூக்கி என்பது. முந்தைய சீசன்கள் எல்லாவற்றையும் கூட்டி 130 அட்-பேட்டை (சராசரிக் கணக்கில் சேரும் மட்டையடி வாய்ப்பு) தாண்டியிருக்கக் கூடாது. பிட்சர், அதாவது பந்து வீசுபவர், என்றால் 50 இன்னிங்ஸ் (மூன்று பேரை அவுட் ஆக்கினால் ஓர் இன்னிங்ஸ்). இவை தவிர, மேஜர் லீக் அணியின் ஆட்டப் பட்டியலில் 45 நாளுக்கு மேல் இருந்திருக்கக் கூடாது. காயப் பட்டியலில் கிடந்த நாட்கள் இதில் சேராது. “தாண்டி” என்ற சொல்லைக் கவனியுங்கள். சரியாக 130 என்றால் அவர் இன்னும் ரூக்கிதான். அட்-பேட் வேறு, பிளேட் அப்பியரன்ஸ் (மட்டையோடு வந்து நின்ற எல்லா முறையும்) வேறு என்பதிலும் பலர் தடுக்கி விழுகிறார்கள். நான்கு தவறான பந்து வந்து வாக் வாங்கினாலோ, பந்து உடம்பில் பட்டு முதல் பேஸுக்குப் போனாலோ, சாக்ரிஃபைஸ் பண்ட் (சக ஆட்டக்காரர் முன்னேறத் தான் அவுட் ஆகும்படி மெல்லத் தட்டுவது) போட்டாலோ அது அட்-பேட் ஆகாது. ஆகவே 150 முறை மட்டையோடு நின்றவர்கூட 130ஐத் தொடாமல் இருக்க முடியும்.

பிட்சர் லூயிஸ் கில் நல்ல உதாரணம். யாங்கீஸ் அணிக்காக 2021இல் 29⅓ இன்னிங்ஸ், 2022இல் 4 இன்னிங்ஸ், மொத்தம் 33⅓. பிறகு முழங்கை அறுவைச் சிகிச்சை, நீண்ட ஓய்வு. 2024இல் திரும்பி வந்து அமெரிக்கன் லீக் (மேஜர் லீக்கின் இரு பிரிவில் ஒன்று; மற்றது நேஷனல் லீக்) ரூக்கி விருதை வாங்கினார். “மூன்று வருஷம் முன்னால் ஆடியவனுக்கு ரூக்கி விருதா” என்று கத்தியவர்கள் விதியைப் படிக்கவில்லை.

இன்னொன்று மைக் ட்ரவுட். 2011இல் 40 ஆட்டம், 123 அட்-பேட், சராசரி .220. ஏழு அட்-பேட் மிச்சம் இருந்ததால் 2012இல் ரூக்கியாகவே தொடங்கினார்: .326, 30 ஹோம் ரன், 49 ஸ்டோலன் பேஸ் (அடி விழக் காத்திராமல் அடுத்த பேஸுக்கு ஓடிப் பிடிப்பது), ஒருவர் விடாமல் எல்லா முதலிட ஓட்டும். இதில் பலர் கவனிக்காத ஒன்று உண்டு. அந்தக் காலத்தில் 45 நாள் கணக்கில் செப்டம்பர் சேராது, இன்று சேரும். 2011 ஜூலை 8ஆம் தேதி மேலே வந்து, ஆகஸ்டில் சில நாள் கீழே மைனர் லீக்குக்கு (இளம் ஆட்டக்காரர்கள் வளரும் கீழ்நிலை லீக்) போய்வந்து, சீசன் முடியும்வரை இருந்தார். இன்றைய விதியை அன்று வைத்திருந்தால் 45ஐச் சுலபமாகத் தாண்டியிருப்பார். பேஸ்பால் கண்ட மிகச் சிறந்த ரூக்கி சீசன்களில் ஒன்று, ரூக்கி சீசனாகவே எண்ணப்பட்டிருக்காது.

வயதுக்கு வரம்பு இல்லை. 1947இல் விருதை முதன்முதலாக வாங்கிய ஜாக்கி ராபின்சனுக்கு வயது 28. கறுப்பினத்தவரைச் சேர்க்காத நிறத்தடை அவரை வெளியே நிறுத்தி வைத்திருந்ததால்தான் அந்த 28. இன்று விருதே அவர் பெயரில் இருக்கிறது. 2000இல் வாங்கிய கசுஹிரோ சசாகிக்கு 32 வயது, ஜப்பானில் பத்து வருஷம் ஆடிவிட்டு வந்தவர். “ஜப்பானில் தொழில்முறையாக ஆடியவர் புதுமுகமா?” என்ற சண்டை ஹிடியோ நோமோ 1995இல் வாங்கியதிலிருந்து ஓடுகிறது. விதி தெளிவாக இருக்கிறது: மேஜர் லீக் கணக்கு மட்டும்தான். ஆனால் ஓட்டுப்போடுகிறவர்கள் மனிதர்கள். 2003இல் ஏஞ்சல் பெரோவா 88 புள்ளி, ஹிடேகி மட்சுய் 84 புள்ளி. இரண்டு எழுத்தாளர்கள் மட்சுயின் பெயரை ஓட்டுச் சீட்டில் எழுதவே இல்லை, ஜப்பான் அனுபவத்தைக் காரணம் காட்டி. பெரோவா தகுதியற்றவர் என்று நான் சொல்லவில்லை. விதி அனுமதித்த ஒருவரை எழுத்தாளர் தன் சொந்த விதியால் நீக்கியது தவறு என்கிறேன்.

ஓட்டு முறையும் தெரிந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் புள்ளிக் கணக்கு புரியாது. பேஸ்பால் எழுத்தாளர் சங்கத்திலிருந்து லீக் ஒன்றுக்கு 30 பேர் ஓட்டுப்போடுகிறார்கள். 1979 வரை ஆளுக்கு ஒரே பெயர். அந்த வருஷம் அமெரிக்கன் லீக்கில் ஜான் காஸ்டினோவும் அல்ஃப்ரெடோ கிரிஃபினும் சமமாக வந்து விருதைப் பகிர்ந்துகொண்டார்கள். அதற்குப் பிறகு 1980இல் மூன்று பெயர், 5-3-1 புள்ளி என்று மாறியது. 2025 முதல் ஐந்து பெயர், 7-4-3-2-1. ஆகவே பழைய ஏகமனதான 150 புள்ளியையும், 2025இல் நிக் கர்ட்ஸ் ஏகமனதாக வாங்கிய 210 புள்ளியையும் பக்கத்தில் வைத்து “இவர்தான் பெரியவர்” என்று சொல்வது பொருளில்லாதது.

2024 நேஷனல் லீக் வாக்குவாதம் இன்னும் ஆறவில்லை. பிட்ஸ்பர்க் பிட்சர் பால் ஸ்கீன்ஸ் 136 புள்ளி, சான் டியேகோவின் ஜாக்சன் மெரில் 104. ஸ்கீன்ஸ் மே 11இல்தான் வந்தார். 133 இன்னிங்ஸ், 1.96 ஈஆர்ஏ (ஒன்பது இன்னிங்ஸுக்குப் பிட்சர் கணக்கில் சேரும் ரன்; குறைந்தால் நல்லது), 170 ஸ்டிரைக்-அவுட் (மூன்று ஸ்டிரைக்கில் ஆளை அவுட் ஆக்குவது). மெரில் 21 வயதில், ஷார்ட்ஸ்டாப்பாக (உள்களத்தில் நிற்பவர்) வளர்ந்தவர், வெளிக்களத்து சென்டர் ஃபீல்டுக்கு மாறி 156 ஆட்டம் ஆடி .292, 24 ஹோம் ரன். என் ஓட்டு ஸ்கீன்ஸுக்குத்தான். ஆனாலும் மெரிலுக்கு முதலிடம் கொடுத்த ஏழு பேரை முட்டாள் என்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. தினமும் களத்தில் நின்ற ஆறு மாதத்துக்கு ஒரு எடை இருக்கிறது.

இனி கேள்வியின் இரண்டாம் பாதி. விருது வருங்காலத்தைச் சொல்லுமா? ஓரளவுக்கு மட்டும். டெரெக் ஜீட்டர், ஆல்பர்ட் புஹோல்ஸ், இச்சிரோ வாங்கியிருக்கிறார்கள். 1980இல் கிளீவ்லாண்டின் ஜோ சார்போனோவும் வாங்கினார்: .289, 23 ஹோம் ரன். முதுகுக் காயம் வந்தது. அவருடைய மொத்த மேஜர் லீக் வாழ்க்கை 201 ஆட்டம். மறுபக்கம் பாருங்கள். கிரெக் மேடக்ஸ் 1987 ரூக்கி சீசனில் 6 வெற்றி, 14 தோல்வி, 5.61 ஈஆர்ஏ. மைக் ஷ்மிட் 1973இல் .196. இரண்டு பேருமே பேஸ்பாலின் புகழ் மன்றமான ஹால் ஆஃப் ஃபேமில் இருக்கிறார்கள். பிராஸ்பெக்ட் பட்டியலும் அப்படித்தான். 1991 டிராஃப்டில் (புது ஆட்டக்காரர்களை அணிகள் முறைவைத்து எடுப்பது) முதல் ஆளாக எடுக்கப்பட்ட பிரையன் டெய்லர் தோள்பட்டைக் காயத்தால் மேஜர் லீக்கில் ஒரு பந்துகூட வீசவில்லை. 62ஆவது சுற்றில் எடுக்கப்பட்ட மைக் பியாட்ஸா 1993இல் ரூக்கி விருது வாங்கினார்.

அப்படியானால் ஒரு இளைஞரை எதைக்கொண்டு மதிப்பிடுவது? “நீ எண்ணைப் பார்த்தே ஆட்டத்தைக் கெடுக்கிறாய்” என்று யாராவது வருவார்கள், தெரியும். கண்ணால் பார்ப்பதை நான் குறைத்துச் சொல்லவில்லை. திறமை தேடிப் போகும் ஸ்கவுட்டுகளும் எண்தான் போடுகிறார்கள், 20 முதல் 80 வரை. 50 என்றால் மேஜர் லீக்கின் நடுத்தரம், 60 நல்லது, 80 அபூர்வம். ஹிட்டருக்கு, அதாவது மட்டையடிப்பவருக்கு, ஐந்து திறன்: அடி, பலம், ஓட்டம், ஃபீல்டிங், எறி. வேகத்துக்கு ஸ்டாப்-வாட்ச் வைப்பார்கள். வலக்கை ஹிட்டர் மட்டையில் பட்டு முதல் பேஸைத் தொட 4.3 வினாடி ஆனால் அது 50, இடக்கை ஹிட்டர் முதல் பேஸுக்குக் கொஞ்சம் பக்கத்தில் நிற்பதால் அவருக்கு 4.2. வேகமும் எறியும் ஒரே பார்வையில் பிடிபட்டுவிடும். அடிக்கும் திறன்தான் கடினம். “வேகம் 70, எறி 70, அடி 40” என்று அறிக்கை வந்தால் அந்த 40தான் அவர் தலையெழுத்தை முடிவு செய்யும்.

முதல் மாதச் சராசரியை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. ஸ்டிரைக்-அவுட் விகிதம் ஏறக்குறைய 60 பிளேட் அப்பியரன்ஸிலேயே ஓரளவு நம்பும்படி ஆகிவிடும். வாக் விகிதத்துக்கு 120 வேண்டும். ஹோம் ரன் விகிதத்துக்கு 170. சராசரிக்கோ 900ஐத் தாண்ட வேண்டும், அதாவது ஒன்றரை சீசன். காரணம் எளிது. ஸ்டிரைக்-அவுட்டும் வாக்கும் ஹிட்டருக்கும் பிட்சருக்கும் நடுவே முடிந்துவிடுகின்றன. மட்டையில் பட்ட பந்து ஹிட் ஆவதற்கோ எதிரணி ஃபீல்டர் எங்கே நின்றார், பந்து எந்த இடைவெளியில் போனது என்று வேறு காரணங்கள் நுழைந்துவிடும். ஆகவே .200 அடிக்கும் பையன் 20 விழுக்காடு ஸ்டிரைக்-அவுட்டும் 10 விழுக்காடு வாக்கும் வைத்திருந்தால் பொறுங்கள். .310 அடித்துக்கொண்டு 35 விழுக்காடு ஸ்டிரைக்-அவுட் ஆகிறவருக்குத்தான் கவலைப்பட வேண்டும்.

இதற்கும் விலக்கு உண்டு. ஆரன் ஜட்ஜ் 2016இல் 84 அட்-பேட்டில் 42 ஸ்டிரைக்-அவுட், சராசரி .179. அடுத்த வருஷம் 52 ஹோம் ரன் அடித்து ஏகமனதாக விருது வாங்கினார். விகிதம் நிலைபெறுகிறது என்றால், அந்த ஆள் அப்படியே ஆடினால் என்று பொருள். மட்டை வீச்சை மாற்றினால் கணக்கு மறுபடி முதலிலிருந்து.

மைனர் லீக் எண்ணை வாசிக்கும்போது வயதையும் ஊரையும் சேர்த்து வாசியுங்கள். மைனர் லீக்கில் மேலிருந்து இரண்டாம் படியான டபுள்-ஏ ஆட்டக்காரர்கள் பொதுவாக 23, 24 வயதுக்காரர்கள். அங்கே 20 வயதுப் பையன் .260 அடிப்பது 25 வயதுக்காரர் .300 அடிப்பதைவிடப் பெரிது. அதன் உச்சப் படியான ட்ரிபிள்-ஏவில் பசிபிக் கோஸ்ட் லீக் ஊர்கள் இன்னொரு பொறி. ஆல்புகெர்கி கடல் மட்டத்திலிருந்து சுமார் 5,000 அடி, ரீனோ 4,500 அடி. காற்று மெல்லியது, பந்து பறக்கும், பிரேக்கிங் பந்து வளையாது. அங்கே 25 ஹோம் ரன் அடித்தவரைப் பார்த்து ஏமாறவும் வேண்டாம், 5.50 ஈஆர்ஏ கொடுத்த பிட்சரைத் தூக்கிப்போடவும் வேண்டாம்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் இது எனக்கு உறுத்துகிறது. ஒருவர் எப்போது மேலே வருகிறார் என்பதைத் திறமை மட்டும் தீர்மானிப்பதில்லை. மேஜர் லீக் ஆட்டப் பட்டியலில் 172 நாள் இருந்தால் ஒரு வருஷ சர்வீஸ் (பணிக்காலம்). ஆறு வருஷம் சேர்ந்தால் எந்த அணிக்கும் போகலாம். 2015இல் கிறிஸ் பிரையன்டை ஏப்ரல் 17இல் அழைத்தார்கள். அவருக்குக் கிடைத்தது 171 நாள். ஒரு நாள் குறைவு. அந்த வருஷம் ஏகமனதாக விருது வாங்கினார், அடுத்த வருஷம் எம்விபி (லீக்கின் மிக மதிப்புள்ள ஆட்டக்காரர் விருது). முறையீடு செய்து 2020இல் தோற்றார்; 2020க்குப் பின் கிடைக்க வேண்டிய விடுதலை 2021க்குப் பின்தான் கிடைத்தது.

மேஜர் லீக்கும் ஆட்டக்காரர் சங்கமும் செய்த 2022 ஒப்பந்தம் இதைக் கொஞ்சம் திருத்தியது. ரூக்கி ஓட்டில் முதல் இரண்டு இடத்தில் வந்தால், தாமதமாக வந்திருந்தாலும் முழு வருஷ சர்வீஸ் உண்டு. 2022இல் இரண்டாமிடம் வந்த ஆட்லி ரட்ச்மனுக்கும், 2024இல் ஸ்கீன்ஸுக்கும் அப்படித்தான் கிடைத்தது. அணிக்கும் ஆசை காட்டியிருக்கிறார்கள். முதல் நூறு பிராஸ்பெக்ட் பட்டியலில் உள்ளவரைத் தொடக்கத்திலேயே மேலே கொண்டுவந்து, அவர் விருதும் வாங்கினால், டிராஃப்டில் கூடுதலாக ஓர் ஆளை எடுக்கலாம். ஸ்கீன்ஸை மே வரை கீழே வைத்திருந்ததால் பிட்ஸ்பர்க்குக்கு அது கிடைக்கவில்லை. விருதில் முதலிடத்துக்கு 7,50,000 டாலர், இரண்டாமிடத்துக்கு 5,00,000 டாலர் போனஸும் உண்டு. 2024 அமெரிக்கன் லீக்கில் கில் 106, கோல்டன் கௌசர் 101 என்ற ஐந்து புள்ளி வித்தியாசத்தை இந்தக் கணக்கோடு சேர்த்துப் பாருங்கள்.

கீழே மைனர் லீக்கில் கிடப்பவர்களைப் பற்றிப் பேச யாரும் இல்லை. 2022வரைகூட கீழ்ப்படியான சிங்கிள்-ஏ ஆட்டக்காரரின் வருஷச் சம்பளம் சுமார் 11,000 டாலர், ட்ரிபிள்-ஏவில் 17,500. அவர்களுக்கும் ஆட்டக்காரர் சங்கம் வந்த பிறகு 2023இல்தான் முறையே 26,000க்கு மேலும், 35,800 ஆகவும் உயர்ந்தது. 2021இல் மேஜர் லீக் அணிகளோடு இணைந்த மைனர் லீக் அணிகளையே 160லிருந்து 120ஆக வெட்டினார்கள். 2020இல் மைனர் லீக் சீசன் நடக்கவே இல்லை. அந்த வருஷங்களில் வளர்ந்த ஒருவர் 25 வயதில் அறிமுகமானால் “வயது கடந்துவிட்டது” என்று எழுதுகிறவர்கள், அவர் கணக்கிலிருந்து முழுதாக ஒரு வருஷத்தைக் கழித்துவிட்டு எழுதட்டும்.