ஒலியும் ஒயரும்: வாசகர் கேள்வி – பதில்

இந்த மாதம் வந்த கடிதங்களில் "எத்தனை வாட்ஸ் வாங்கலாம்?" என்று கேட்காதவர் இல்லை. "எத்தனை ஓம்?" என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. ஓம் என்பது கரண்டுக்கு ஸ்பீக்கர் காட்டும் எதிர்ப்பின் அளவு; அது குறைந்தால் கரண்ட் கூடும். கோத்தகிரியில் முப்பது வருஷமாக ரேடியோ செட் கட்டுகிறேன். கருகிப்போய் என் மேஜைக்கு வந்த ஆம்ப்ளிஃபயர்களில் பெரும்பாலானவை ஓம் கணக்குத் தப்பியவைதான். அதனால் இந்த முறை அந்தக் கடிதங்களுக்கே இடம்.

எங்கள் ஹட்டி (படகர் ஊர்) சமுதாயக் கூடத்தில் இரண்டு சேனல் ஆம்ப்ளிஃபயர் இருக்கிறது. 8 ஓம் டாப் பெட்டி நாலு. போன மாதம் 4 ஓம் பேஸ் பெட்டி இரண்டு வாங்கி, டாப் பெட்டிகளின் பின்னாலிருந்தே ஒயர் எடுத்துக் கொடுத்தோம். அரை மணி நேரம் பிரமாதமாகப் பாடுகிறது. அப்புறம் சிவப்பு விளக்கு எரிந்து நின்றுவிடுகிறது. பெரிய ஆம்ப்ளிஃபயர் வாங்கச் சொல்கிறார்கள். வாங்கலாமா?
– கோத்தகிரி பக்கத்து வாசகர்

கொஞ்சம் பொறுங்கள். உங்கள் ஆம்ப்ளிஃபயருக்கு ஒரு கோளாறும் இல்லை. அது தன் உயிரைக் காப்பாற்றிக்கொள்கிறது.

ஒரு பெட்டியின் பின்னாலிருந்து இன்னொரு பெட்டிக்கு ஒயர் கொடுத்தால் அது பேரலல் இணைப்பு. பெட்டி கூடக் கூட ஓம் குறையும். ஒரு சேனலில் 8 ஓம் பெட்டி இரண்டு இருந்தபோது 4 ஓம். அதோடு 4 ஓம் பேஸ் பெட்டி சேர்ந்ததும் 2 ஓம். சத்தத்தை ஏற்றாமலே கரண்ட் இரண்டு மடங்கு ஆகிவிட்டது. பின்பக்கத் தகட்டைப் பாருங்கள். குறைந்தபட்சம் 4 ஓம் என்று போட்டிருந்தால் 2 ஓமில் அது சூடேறி நிற்பதுதான் நியாயம். சிவப்பு விளக்கு இல்லாத பழைய மாடலாக இருந்தால் புகைதான் வந்திருக்கும். தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு கல்யாண வீட்டில் இதே தப்பை நான் செய்தேன். முகூர்த்த நேரத்தில் நாதஸ்வரக்காரருக்கு மைக் இல்லை. அந்தப் பெண்ணின் தகப்பனார் ஒரு வார்த்தை திட்டவில்லை. அவர் முகத்தை இன்னும் மறக்க முடியவில்லை.

அன்றிலிருந்து ஒரு பழக்கம். எல்லாப் பெட்டியும் கட்டி முடித்த பிறகு, ஆம்ப்ளிஃபயரில் சொருகுவதற்கு முன், ஒயரின் அந்த முனையில் மல்டிமீட்டரை வைத்துப் பார்ப்பேன். 8 ஓம் பெட்டி மீட்டரில் 6-ஐ ஒட்டித்தான் காட்டும். மீட்டர் பார்ப்பது ஸ்பீக்கருக்குள் சுற்றியிருக்கும் காயிலின் கம்பியை மட்டும், அதனால் பயப்பட வேண்டாம். இரண்டு பெட்டிக்கு 3 பக்கம் வரும். உங்கள் இணைப்பில் ஒன்றரை காட்டும், பாருங்கள். சுத்தமாகப் பூஜ்யம் என்றால் எங்கேயோ ஒயர் ஷார்ட். ஒரு நிமிஷ வேலை இது, விடாதீர்கள்.

டாப் பெட்டிகளைப் பழையபடி வையுங்கள். பேஸ் பெட்டிகளுக்குத் தனியாக ஓர் ஆம்ப்ளிஃபயர், சேனலுக்கு ஒரு பெட்டி. அதுவும் 4 ஓமில் ஓடக்கூடியதாக இருந்தால் போதும், மலை மாதிரி பெரிதாக வேண்டாம். நடுவில் ஒரு கிராஸ்ஓவர் கட்டாயம். 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளது பேஸுக்கு, மேலே உள்ளது டாப்புக்கு என்று பிரித்துக் கொடுங்கள். இப்போது உங்கள் பேஸ் பெட்டிக்குப் பாடகர் குரலும் போகிறது, டாப் பெட்டி தவில் அடியையும் சுமக்கிறது. இரண்டும் கெடுதல்.

பேஸ் ஆம்ப்ளிஃபயரை பிரிட்ஜ் பண்ணி, அதாவது இரண்டு சேனலையும் ஒன்றாகச் சேர்த்து, வாட்ஸ் ஏற்றலாம் என்று யாராவது சொல்வார்கள். பிரிட்ஜில் 4 ஓம் பெட்டியை மாட்டினால் உள்ளே ஒவ்வொரு சேனலும் 2 ஓம் சுமக்கிறது. திரும்பவும் அதே கதை. அதற்குப் பதிலாக இரண்டு பேஸ் பெட்டிகளையும் மேடைக்கு முன் நடுவில் ஒட்டி வையுங்கள். மூலைக்கு ஒன்றாகப் பிரித்து வைத்தால் கூடத்தில் ஓர் இடத்தில் நெஞ்சு அதிரும், நாலு அடி தள்ளி ஒன்றுமே இருக்காது.

மலைச்சரிவில் கோயில். 150 மீட்டர் கீழே வீடுகளுக்குப் பக்கத்தில் இரண்டு குழாய் ஸ்பீக்கர், 16 ஓம் யூனிட். 0.75 ஸ்கொயர் எம்.எம். ஒயர். ஆம்ப்ளிஃபயரின் 8 ஓம் டெர்மினலில் கொடுத்திருக்கிறோம். முனகல் மாதிரிதான் கேட்கிறது. மார்கழிக்குள் சரி செய்ய வேண்டும்.
– குன்னூர் வாசகர்

ஓம் கணக்கு நீங்கள் சரியாகத்தான் போட்டிருக்கிறீர்கள், 16-ம் 16-ம் சேர்ந்து 8. ஒயரை மட்டும் மறந்துவிட்டீர்கள். 150 மீட்டர் போக, 150 மீட்டர் வர, மொத்தம் 300 மீட்டர். அந்த மொத்தத்துக்கு அதுவே 7 ஓம் பக்கம் வரும். பாதி சக்தி ஒயரிலேயே போகிறது, ஆம்ப்ளிஃபயரும் முழுசாகக் கொடுக்க முடியவில்லை. ஒயர் இல்லாமல் 100 வாட்ஸ் கிடைக்க வேண்டிய இடத்தில் 28 வாட்ஸ்தான் குழாய்க்குப் போய்ச் சேர்கிறது.

உங்கள் ஆம்ப்ளிஃபயரின் பின்னால் '100 வோல்ட்' என்று ஒரு டெர்மினல் இருக்கும். அதில் கொடுங்கள். ஒவ்வொரு குழாயிலும் லைன் டிரான்ஸ்ஃபார்மர் ஒன்று மாட்டி 30 வாட்ஸ் டேப்பில் (எத்தனை வாட்ஸ் எடுக்க வேண்டும் என்று தேர்ந்தெடுக்கும் முனை) வையுங்கள். அதே ஒயரில் 60-க்கு 55 வாட்ஸ் போய்ச் சேரும். ஊருக்கு மின்சாரம் உயர் அழுத்தத்தில் வருகிற அதே தத்துவம்தான்: வோல்டேஜ் ஏறினால் கரண்ட் குறையும், ஒயர் தின்பதும் குறையும். டேப் வாட்ஸை எல்லாம் கூட்டினால் ஆம்ப்ளிஃபயர் வாட்ஸைத் தாண்டக் கூடாது, கொஞ்சம் மிச்சம் இருக்கட்டும். டிரான்ஸ்ஃபார்மர் இல்லாத சாதாரண 8 ஓம் பெட்டியை அந்த டெர்மினலில் மாட்டவே மாட்டாதீர்கள், காயில் வெந்துவிடும். 100 வோல்ட் கையில் பட்டால் அடிக்கும். ஜாயின்ட்டுகளை மழை படாத டப்பிக்குள் வையுங்கள்.

ஒயரைத் தேயிலைச் செடி மேலே படர விடாதீர்கள். நம் பக்கம் காட்டெருமை ராத்திரியில் தோட்டத்துக்குள் இறங்குகிறது. கொம்பில் ஒயர் சிக்கினால் அதற்கும் ஆபத்து, உங்களுக்கும். சில்வர் ஓக் மரங்களில் நல்ல உயரத்தில் கட்டுங்கள்.

மார்கழி விடியல் பாட்டு எனக்கும் உயிர். ஆனால் இரவு 10 மணியிலிருந்து காலை 6 மணி வரை வெளியே ஒலிபெருக்கி வைக்கக் கூடாது என்று 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் சொல்கின்றன. மற்ற நேரத்துக்கும் அனுமதி வாங்க வேண்டும். 6 மணிக்கு மேல் வையுங்கள். அதற்கு முன் சன்னதிக்குள் வாயால் பாடுவதே அழகு.

எஸ்டேட் லயனில் இருக்கிறோம். மகன் 12 இன்ச் சப் வூஃபர் வாங்கி வந்தான். அதில் நாலு டெர்மினல் இருக்கிறது, '4+4 ஓம்' என்று எழுதியிருக்கிறது. அவனிடம் இருப்பது 4 ஓமுக்கான 5200 டிரான்சிஸ்டர் ஆம்ப்ளிஃபயர் போர்டு. எப்படிக் கொடுத்தாலும் பயமாக இருக்கிறது.
– கூடலூர் வாசகி

பயப்படாதீர்கள் அம்மா, நீங்கள் கேட்டது நல்லதாகப் போயிற்று. ஒரே கோனுக்கு (ஸ்பீக்கரின் முன்னால் அசையும் கூம்பு) இரண்டு காயில். இரண்டையும் பேரலலாகக் கொடுத்தால் 2 ஓம், போர்டு போய்விடும். சீரீஸாக, அதாவது ஒன்றன்பின் ஒன்றாக, கொடுக்கச் சொல்லுங்கள்: முதல் காயிலின் மைனஸும் இரண்டாவது காயிலின் பிளஸும் ஒரு சின்ன ஒயரால் சேர வேண்டும். மிச்சம் உள்ள பிளஸ், மைனஸ் இரண்டும் போர்டுக்கு. இப்போது 8 ஓம். சக்தி பாதியாகத்தான் வரும், ஆனால் லயன் வீட்டுக்கு அதுவே தாராளம். நடுச்சுவருக்கு அந்தப் பக்கம் இன்னொரு குடும்பம் தூங்குகிறது.

மாட்டுவதற்கு முன் ஒரு பென்சில் பேட்டரியை எடுத்து, பிளஸ்ஸை வெளி பிளஸ்ஸிலும் மைனஸை வெளி மைனஸிலும் ஒரு நொடி தொடச் சொல்லுங்கள். டார்ச் வெளிச்சத்தில் பக்கவாட்டில் பார்த்தால், கோன் 'டப்' என்று முன்னால் வரும். பின்னால் போனால் பிளஸ் மைனஸ் மாறியிருக்கிறது. அசையவே இல்லை என்றால் ஒரு காயில் தலைகீழாகக் கொடுக்கப்பட்டு, இரண்டும் ஒன்றையொன்று எதிர்த்து நிற்கின்றன. இதே சோதனையை மற்ற ஸ்பீக்கர்களுக்கும் செய்யுங்கள். பேஸ் வரவில்லை என்று என்னிடம் கொண்டுவரும் செட்டுகளில் பலவும் ஓர் ஒயரை மாற்றினால் சரியாகிவிடுகின்றன.

கூடலூர் மழைக்கு ஒயர் முனையில் பச்சைக் களிம்பு ஏறும். ஜூன் வருவதற்கு முன் முனையை வெட்டிப் புதுச் செம்பு தெரியச் சீவிவிடுங்கள்.

ஜீப்பில் 500 வாட்ஸ் ஆம்ப்ளிஃபயரும் சப் வூஃபரும் வைத்தேன். ஒவ்வோர் அடிக்கும் ஹெட்லைட் மங்குகிறது.
– மசினகுடி வாசகர்

கல்லட்டி மலைப்பாதையில் 36 கொண்டை ஊசி வளைவு. மூடுபனியில் அங்கே ஹெட்லைட் மங்கக் கூடாது. சரி செய்யும் வரை ராத்திரியில் அதைப் போடாதீர்கள்.

12 வோல்ட்டில் உண்மையான 500 வாட்ஸ் என்றால் 60 ஆம்பியர் பக்கம் இழுக்கும். ரேடியோ ஒயரிலிருந்து எடுத்திருந்தால் இன்றே கழற்றுங்கள். பேட்டரியிலிருந்து நேராக 16 ஸ்கொயர் எம்.எம். செம்பு ஒயர், பேட்டரியிலிருந்து ஓர் அடிக்குள் ஃபியூஸ். எர்த் ஒயருக்கு பாடியில் பெயின்ட்டைச் சுரண்டி, இரும்பு பளபளக்கும் இடத்தில் போல்ட் போட்டு முறுக்குங்கள். அதற்குப் பிறகும் மங்கினால் உங்கள் ஆல்டர்னேட்டருக்கு அவ்வளவு சக்தி இல்லை. சின்ன ஆம்ப்ளிஃபயருக்கு மாறிவிடுங்கள்.

உறைபனி ராத்திரியில் செட்டை பிக்கப் வண்டியிலேயே விட்டுவிட்டோம். காலையில் மண்டபத்தில் ஆன் செய்ததும் 'டப்' என்று போய்விட்டது. என்ன காரணம்?
– ஊட்டி வாசகர்

நேரில் பார்க்காமல் நிச்சயமாகச் சொல்ல முடியாது, ஆனால் என் சந்தேகம் ஈரத்தின் மேல்தான். ஜில்லென்று இருந்த பெட்டி, ஆள் நிறைந்த சூடான மண்டபத்துக்குள் வந்ததும் உள்ளே போர்டு மேலேயே நீர் முத்து முத்தாக வேர்த்திருக்கும். இனிமேல் ராத்திரியே உள்ளே கொண்டுவந்து வையுங்கள். முடியாவிட்டால் மண்டபத்தில் இறக்கி, ஆன் செய்யாமல் ஒன்றிரண்டு மணி நேரம் விடுங்கள். அப்புறம் மேல் மூடியைக் கையால் தடவிப் பாருங்கள். கை ஈரமானால் இன்னும் காத்திருங்கள்.