மீன் பொரிக்கும்போது மாவு உதிர்கிறதா?

கேள்வி: மக்காச்சோள மாவில் புரட்டி மீன் பொரித்தால் பாதி மாவு எண்ணெயிலேயே உதிர்ந்துவிடுகிறது, மீதியும் 5 நிமிடத்தில் நமுத்துப்போகிறது. எங்கே தப்பு செய்கிறேன்?

பதில்: முதலில் மாவைப் பாருங்கள். கார்ன் ஃப்ளார் என்று விற்கும் வெள்ளை மாவு வெறும் ஸ்டார்ச். உங்களுக்கு வேண்டியது விரலில் தேய்த்தால் ரவை மாதிரி நறநறக்கும் மஞ்சள் மாவு, மொறுமொறுப்பே அந்தக் குருணையில்தான் இருக்கிறது. உதிர்வதற்குக் காரணம் அநேகமாக ஈரம். கழுவிய மீனைத் துணியால் நன்றாக ஒற்றி எடுத்து, உப்பும் மிளகுத்தூளும் தடவி, அப்புறம் மோரிலோ அடித்த முட்டையிலோ நனைத்து, சொட்டுவதை வடியவிட்டு, 3 பங்கு இந்த மஞ்சள் மக்காச்சோள மாவும் 1 பங்கு மைதாவும் கலந்ததில் அழுத்திப் புரட்டி 10 நிமிடம் சும்மா வையுங்கள். இதை மட்டும் தயவுசெய்து விட்டுவிடாதீர்கள், மாவு மீனோடு ஒட்டிப் பிடிப்பதே அப்போதுதான். எண்ணெய் 180 டிகிரி செல்சியஸில் இருக்கட்டும். தெர்மாமீட்டர் இல்லையா, சரி, ஒரு சிட்டிகை மாவைப் போட்டால் உடனே பொரிந்து மேலே வர வேண்டும். ஒரே நேரத்தில் நிறையத் துண்டுகளைப் போட்டால் சூடு இறங்கி மீன் எண்ணெய் குடிக்கும். எடுத்ததும் காகிதத்தில் பரப்பாமல் கம்பித் தட்டில் வையுங்கள், அடியில் ஆவி தங்கினால் நமுத்துவிடும். மூடவும் வேண்டாம்.