நகையை வைத்து நாவல் அச்சடிக்கலாமா?

கேள்வி: ஈரோட்டில் ஒரு ஜவுளி நிறுவனத்தில் கணக்காளராக இருக்கிறேன். வயது 43. கைக்கு வரும் சம்பளம் 52,000 ரூபாய், வீட்டுச் செலவு 38,000. மகள் பத்தாம் வகுப்பு படிக்கிறாள். இரண்டு நாவல்களை நானே வெளியிட்டிருக்கிறேன். போன வருடம் அமேசானின் மின்நூல் தளமான கிண்டிலில் 54,000 ரூபாய் வந்தது. அதில் இரண்டாவது நாவல் வெளியான ஒரு மாதத்தில் மட்டும் 21,000. அச்சில் முதல் நாவல் இரண்டு வருடத்தில் 240 பிரதி போனது. இப்போது 400 பக்கத்தில் மூன்றாவது நாவல் தயார். 1,000 பிரதி அடித்தால் பிரதிக்கு 170 ரூபாய், 300 என்றால் 230 ரூபாய் என்கிறது அச்சகம். மெய்ப்பு (பிழை திருத்தம்), அட்டை, பக்க வடிவமைப்புக்கு 35,000 ஆகும். விலை 450. மனைவியின் நகையை வைத்து 3 லட்சம் வாங்கி 1,000 பிரதி அடித்துவிட்டு, ஜனவரியில் சென்னைப் புத்தகக் காட்சி முடிந்ததும் வேலையை விட்டு முழுநேரமாக எழுதலாம் என்றிருக்கிறேன். செய்யலாமா?

பதில்: நாவலைக் கண்டிப்பாகக் கொண்டுவாருங்கள். பின்னால் எந்தப் பதிப்பகமும் இல்லாமல் 240 பேரைக் காசு கொடுத்து வாங்க வைத்தது சின்ன விஷயம் இல்லை. ஆனால் நகை வீட்டிலேயே இருக்கட்டும், வேலையையும் இப்போது விட வேண்டாம். நீங்களே கணக்காளர், அதனால் காரணத்தைக் கணக்காகவே சொல்கிறேன்.

அந்த 21,000 ரூபாய் மாதத்தை ஓரமாக வைத்துவிட்டுப் பாருங்கள். மீதி 33,000, பதினோரு மாதத்துக்கு. அதாவது மாதம் 3,000. உங்கள் நாவல்கள் இன்றைக்கு வீட்டுக்குக் கொடுக்கும் சம்பளம் இதுதான். புது நாவல் வந்ததும் வருமானம் ஏறும், சில வாரங்களில் இறங்கும். சந்தா கட்டிப் படிக்கும் கிண்டில் அன்லிமிடெட் வாசகர்கள் படித்த பக்கங்களுக்குக் கிடைக்கும் தொகைகூட நிலையானது இல்லை. அமேசான் மாதாமாதம் ஒதுக்கும் நிதியைப் பொறுத்து ஒரு பக்கத்துக்கான காசு மாறிக்கொண்டே இருக்கும். பணமும் மாதம் முடிந்து சுமார் 60 நாள் கழித்துத்தான் கைக்கு வரும். ஜனவரியில் நன்றாகப் போனாலும் அந்தக் காசைப் பார்க்க மார்ச் கடைசி ஆகிவிடும். பள்ளிக் கட்டணம் அதுவரை காத்திருக்காது.

இனி அச்சு. 1,000 பிரதிக்கு அச்சுக்கூலி 1,70,000, மற்ற செலவு 35,000, ஆக 2,05,000. கடைக்காரருக்கு 40 சதவீதம் கழிவு கொடுத்தால் உங்களுக்கு ஒரு பிரதிக்கு மிஞ்சுவது 270. கடைகள் வழியாகவே விற்றால் 760 பிரதி போன பிறகுதான் போட்ட பணம் திரும்பும். இதுவரை இரண்டு வருடத்தில் போனது 240. பாக்கிப் பிரதிகள் கட்டிலுக்கு அடியிலும் பரண் மேலும் கிடக்கும். மழைக்காலத்தில் அவற்றைக் காப்பாற்றுவதே தனி வேலை.

300 பிரதி என்றால் 69,000 அச்சுக்கு, அதோடு 35,000. மொத்தம் 1,04,000. இதில் 200 பிரதியை நீங்களே நேரடியாக விற்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். 10 சதவீதத் தள்ளுபடி போக 405, பேக்கிங்குக்கும் கூரியருக்கும் 60 போக 345. அது 69,000. மீதி நூறைக் கடைகள் வழியாக விட்டால் 27,000. வரவு 96,000, துண்டு விழுவது 8,000. லாபம் இல்லை என்பதை மறைக்க மாட்டேன். ஆனால் மெய்ப்பும் அட்டையும் மின்நூலுக்கும் பயன்படும், அந்த 8,000 கிண்டிலில் திரும்பிவிடும். இரண்டாவது 300 அடிக்கும்போது அந்த 35,000 செலவு இல்லை, அப்போது லாபம் தொடங்கும். 1,000 அடித்து இதே 300 மட்டும் விற்றிருந்தால் 1,09,000 ரூபாய் முடங்கிப் போயிருக்கும், அதுவும் வட்டிப் பணத்தில். 3 லட்சத்துக்கு வருடம் 10 சதவீதம் என்றே வைத்தாலும் வட்டி 30,000. உங்கள் நாவல்கள் பத்து மாதம் சம்பாதிப்பதை அது விழுங்கிவிடும்.

இன்னொன்று. அச்சுக்குத் தேவை 2,05,000 என்றால் 3 லட்சம் எதற்கு? வேலையை விட்ட பிறகு வீட்டுக்கு என்றால், அந்த 95,000 இரண்டரை மாதம்தான் தாங்கும்.

கடன் இல்லாமலேயே 1,04,000 திரட்ட உங்களிடம் வழி இருக்கிறது. மாதம் 14,000 மிச்சமாகிறது, நான்கு மாதத்தில் 56,000. போன வருடக் கிண்டில் பணம் கையில் இருந்தால் சேர்த்து 1,10,000. அது செலவாகிவிட்டது என்றால் மின்நூலை முதலில் விடுங்கள், அச்சுக்கு முன்வெளியீட்டுத் திட்டம் அறிவியுங்கள், அதாவது புத்தகம் வருமுன்பே வாசகர்கள் பணம் கட்டி முன்பதிவு செய்வது. 80 பேர் 405 ரூபாய் கட்டினாலே 32,400 முன்பணம். அச்சகத்தின் விலையில் ஜிஎஸ்டி சேர்ந்திருக்கிறதா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். அச்சுப் புத்தக விற்பனைக்கு ஜிஎஸ்டி இல்லை. அதனால் நீங்கள் கட்டும் வரியைத் திரும்ப எடுக்க வழியில்லை. அரசு நூலகங்களுக்குப் பிரதிகள் வாங்கும் நூலக ஆணை கிடைத்தால் மகிழ்ச்சி, ஆனால் அதை நம்பிப் பிரதிகளைக் கூட்ட வேண்டாம்.

காசு வாங்கிக்கொண்டு "பேக்கேஜ்" தரும் நிறுவனங்கள் உங்களை அணுகும். புத்தகத்தை அடையாளம் காட்டும் ஐ.எஸ்.பி.என். எண்ணுக்கென்று தனியாகப் பணம் கேட்டால் கொடுக்காதீர்கள். ராஜா ராம்மோகன் ராய் தேசிய முகமை அதை எழுத்தாளர்களுக்கு இலவசமாகவே தருகிறது. ஒப்பந்தத்தில் ஒலிநூல், மொழிபெயர்ப்பு, திரைப்பட உரிமைகள் யாருக்கு என்ற பகுதியைப் பொறுமையாகப் படியுங்கள். நம் நாட்டில் பதிப்புரிமை எழுத்தாளரின் ஆயுளுக்கும் அதற்குப் பிறகு 60 ஆண்டுகளுக்கும் உண்டு. உங்கள் மகளுக்கும் சேரவேண்டிய சொத்து அது, ஒரு பேக்கேஜுக்காக விட்டுவிடாதீர்கள்.

கிண்டிலில் இந்திய விற்பனைக்கு 70 சதவீதம் ராயல்டி வேண்டுமென்றால் கேடிபி செலக்ட் என்ற அமேசான் திட்டத்தில் சேர வேண்டும், இல்லையென்றால் 35 தான். சேர்ந்தால் 90 நாள் அந்த மின்நூல் வேறெங்கும் இருக்கக் கூடாது. பிரதிலிபி போன்ற இணையக் கதைத் தளத்தில் அதே நாவலைத் தொடராகப் போட்டிருந்தால் முதலில் எடுத்துவிடுங்கள்.

வரிக்குப் பயப்பட வேண்டாம். இப்போதைய விதிப்படி புதிய வருமான வரி முறையில் உங்கள் மொத்த வருமானத்துக்கு வரி வராது. ஆனாலும் கணக்கில் காட்டியாக வேண்டும். நீங்களே புத்தகம் விற்பது தொழில் வருமானம், சம்பளக்காரர்கள் வழக்கமாகத் தாக்கல் செய்யும் ஐ.டி.ஆர்.-1 வரிப் படிவம் போதாது. எல்லா ரசீதுகளையும் வைத்திருங்கள்.

வேலையை எப்போது விடலாம்? ஒரு வருட வீட்டுச் செலவு, அதாவது 4,56,000 ரூபாய், மகள் படிப்புப் பணத்தைத் தொடாமல் தனியாகச் சேர்ந்திருக்க வேண்டும். புது நாவல் வெளியாகும் மாதங்களை விட்டுவிட்டு, இரண்டு வருட சராசரி மாதம் 19,000 ரூபாயைத் தொட வேண்டும். அது உங்கள் செலவில் பாதி. அப்புறம், நிறுவனத்தின் மருத்துவக் காப்பீடு வேலையோடு போய்விடும், குடும்பத்துக்குச் சொந்த பாலிசி அதற்கு முன்பே இருக்க வேண்டும். புத்தகத்துக்கென்று ஒரு தனி வங்கிக் கணக்கு தொடங்கி வரவையும் செலவையும் அதிலேயே நடத்துங்கள். மகள் பன்னிரண்டாம் வகுப்பு முடிக்கும்போது அந்தக் கணக்கின் இரண்டு வருட அறிக்கையோடு மறுபடி எழுதுங்கள், சேர்ந்து பார்ப்போம்.