பென்சிலில் எழுதிய இருபதும் நாற்பதும்

வணக்கம் ஐயா,

அப்பா தவறி ஆறு மாதமாகிறது. தொண்ணூற்று மூன்று வயது. நிபோங் திபால் பக்கம் ஒரு தோட்டத்தில் கிராணியாக, அதாவது கணக்கு எழுதுபவராக, இருந்தவர். அவருடைய தகரப் பெட்டியைப் போன வாரம்தான் திறந்தோம். துரை பங்களாவில் படித்துக் கழித்த இங்கிலீஷ் பத்திரிகைகள்: 'லைஃப்' இருபதுக்கு மேல், அட்டை கிழிந்த 'காலியர்ஸ்' இரண்டு, 'ஸ்பேஸ்ஃப்ளைட்' என்ற மெல்லிய இதழ் ஒன்பது. எல்லாமே ராக்கெட், நிலா சமாச்சாரம். 'லைஃப்' மட்டும் விலை போகும், மற்றதைப் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிடலாம் என்கிறான் தம்பி. எனக்கு மனசு வரவில்லை. ஆனால் புரட்டிப் பார்த்தால் பாதி நடக்காத கதையாக இருக்கிறது. எல்லாம் இணையத்தில் கிடைக்கும்போது, தப்பும் தவறுமான இவற்றை வைத்து என்ன செய்வது?

இன்னொன்று. ஒரு 'ஸ்பேஸ்ஃப்ளைட்' இதழின் ஓரத்தில் அப்பா பென்சிலால் '20, 40' என்று எழுதி அடிக்கோடு போட்டிருக்கிறார். விலையா, பக்க எண்ணா, தெரியவில்லை.

ஒரு வாசகி,
புக்கிட் மெர்தாஜாம்

அன்புள்ள சகோதரிக்கு,

தம்பியின் கணக்கு தலைகீழ் என்று சொல்லுங்கள். விற்றே ஆகவேண்டுமென்றால் 'லைஃப்'பை விற்கலாம். அந்த ஒன்பது மெல்லிய இதழ்களை யாரும் தொட வேண்டாம்.

1936 முதல் 1972 வரை வந்த 'லைஃப்' இதழ்கள் கூகுள் புத்தகப் பகுதியில் பக்கம் பக்கமாகக் கிடக்கின்றன. அது ஒரு காரணம். விண்வெளி வீரர்கள் விஷயத்தில் 'லைஃப்' காசு கொடுத்துக் கதை வாங்கிய பத்திரிகை என்பது இன்னொன்று. 1959-இல் மனிதனை விண்ணுக்கு அனுப்பும் அமெரிக்காவின் முதல் திட்டமான மெர்க்குரிக்கு ஏழு பேரைத் தேர்ந்தெடுத்தார்கள் அல்லவா? அந்த ஏழு பேரின் சொந்தக் கதையும் குடும்பக் கதையும் தனக்கு மட்டுமே என்று ஐந்து லட்சம் டாலருக்கு ஒப்பந்தம் போட்டது. செப்டம்பரில் ஒரு வாரம் அட்டையில் ஏழு வீரர்கள், அடுத்த வாரம் ஏழு மனைவிகள். பெண் பார்க்க வருகிறார்கள் என்று கூட்டிப் பெருக்கி வைத்த வீடு மாதிரி எல்லாம் பளிச்சென்று இருக்கும். வீரர்களின் வீட்டுக்குள்ளேயே போய் உட்கார்ந்தவர்கள் 'லைஃப்'காரர்கள்தான். வெளியே வந்து சொன்னதுதான் குறைவு.

ஒரே ஒரு விலக்கு. 1969 ஜனவரி 10 தேதியிட்ட 'லைஃப்' பெட்டியில் இருந்தால் கொடுத்துவிடாதீர்கள். 1968 டிசம்பர் 24 அன்று அப்பல்லோ 8 நிலாவைச் சுற்றியபோது பில் ஆண்டர்ஸ் எடுத்த படம், நிலாவின் விளிம்புக்கு மேலே பூமி எழும் அந்தப் படம், அதில் இருக்கிறது. மலேசியாவுக்கு வண்ணத் தொலைக்காட்சி 1978-இல்தான் வந்தது. பூமி நீலம் என்பதை நம் ஊரில் பலர் முதலில் பார்த்தது இந்த மாதிரித் தாளில்தான்.

'காலியர்ஸ்' வேறு ரகம். 1952 மார்ச் 22 இதழில் தொடங்கி 1954 வரை விண்வெளிப் பயணம் பற்றி ஒரு கட்டுரை வரிசை வெளியிட்டது. எழுதியவர்களில் முக்கியமானவர் ராக்கெட் பொறியாளர் வெர்னர் ஃபான் பிரௌன், படம் போட்டவர்களில் செஸ்லி போன்ஸ்டெல். 250 அடி விட்டத்தில் வண்டிச்சக்கரம் போல ஒரு விண்நிலையம், 1,075 மைல் உயரத்தில். நிலாவுக்கு மூன்று கப்பலில் ஒரே தடவையாக ஐம்பது பேர்! கடைசியில் போனது என்னவோ நாலு கால் சிலந்தி மாதிரி ஒரு கலம், அதில் இரண்டிரண்டு பேர். நடக்காத கதை என்று நீங்கள் சொல்வது இதைத்தான் என்று நினைக்கிறேன். வீடு கட்டும் முன் போட்ட பிளானில் மாடி இருந்தது, கட்டும்போது இல்லாமல் போனது, அவ்வளவுதான். ராக்கெட் என்பது பொறியாளர் உட்கார்ந்து கணக்குப் போடுகிற வேலை என்று சாதாரண அமெரிக்கனை நம்பவைத்ததில் அந்தப் படங்களுக்குப் பெரிய பங்குண்டு. பாவம், 1957 ஜனவரி 4 இதழோடு 'காலியர்ஸ்' நின்றுவிட்டது. உலகின் முதல் செயற்கைக்கோளான சோவியத்தின் ஸ்புட்னிக் போனது அதே ஆண்டு அக்டோபர் 4.

'ஸ்பேஸ்ஃப்ளைட்'டுக்கு வருகிறேன். 1933-இல் லிவர்பூலில் தொடங்கிய பிரிட்டிஷ் கோளிடைக் கழகத்தின் இதழ் அது. முதல் இதழ் 1956 அக்டோபரில், பேட்ரிக் மூர் ஆசிரியராக இருந்து வந்தது. அதாவது ஸ்புட்னிக்குக்கு ஓராண்டு முன்பே, மேலே எதுவும் சுற்றாத காலத்தில், இதற்கென்று ஒரு பத்திரிகை. யாரையும் விலைக்கு வாங்க அவர்களிடம் பணம் கிடையாது. சோவியத் தரப்போ வாயைத் திறக்காது. கிடைத்த துண்டு துணுக்கை வைத்து ஊகிக்கத்தான் முடியும். அந்த ஊகங்கள்தான் இன்றைய புத்தகங்களில் கிடைக்காதவை. முடிவு தெரிந்து எழுதுகிறவனுக்கு ஊகிக்க என்ன இருக்கிறது? ஒரு விளையாட்டு சொல்கிறேன். 1966-க்கு முந்தைய இதழ்களில் செர்கேய் கொரோலெவ் பெயரைத் தேடுங்கள். ஸ்புட்னிக்கையும், விண்வெளிக்குப் போன முதல் மனிதரான ககாரினையும் அனுப்பிய தலைமை வடிவமைப்பாளர். அந்த ஆண்டு ஜனவரியில் இறக்கும்வரை அவர் பெயரை மாஸ்கோ வெளியே விடவில்லை. மேற்கத்தியப் பத்திரிகைகள் லியோனிட் செடோவ் என்ற வேறொருவரை 'ஸ்புட்னிக்கின் தந்தை' ஆக்கியிருந்தன. ககாரின் கடைசியில் கலத்தைவிட்டு வெளியேறி பாராசூட்டில் தனியாக இறங்கியதையும் மாஸ்கோ பல ஆண்டுகள் மறைத்தது.

இப்போது அப்பாவின் பென்சில். அது விலையும் இல்லை, பக்க எண்ணும் இல்லை. ஸ்புட்னிக் ஒலிபரப்பிய அலைவரிசைகள் 20.005, 40.002. அன்றைய வழக்கில் மெகாசைக்கிள், இன்று மெகாஹெர்ட்ஸ். சோவியத் ரேடியோ ஆர்வலர்களுக்கான 'ரேடியோ' என்ற பத்திரிகை, செயற்கைக்கோள் இந்த அலைவரிசைகளில் பேசும் என்று அந்தக் கோடையிலேயே அச்சிட்டுவிட்டது. ரகசியமே இல்லை. மேற்கில் கண்டுகொள்ளத்தான் ஆளில்லை. அமெரிக்கர்கள் தங்கள் கருவிகளை 108 மெகாசைக்கிளில் கேட்க ஏற்பாடு செய்து வைத்திருந்தார்கள், அக்டோபரில் அவசர அவசரமாக மாற்றினார்கள். இங்கே நாம் சுதந்திரம் பெற்று மெர்டேக்கா முழங்கி ஐந்து வாரம்கூட ஆகவில்லை.

பெட்டியைப் பற்றி ஒரு எச்சரிக்கை. பினாங்கு ஈரத்துக்குப் பளபளப்புத் தாள் பக்கத்தோடு பக்கம் ஒட்டிக்கொள்ளும், பிடித்து இழுக்காதீர்கள். வெயிலிலும் வைக்காதீர்கள். நான் ஒருமுறை கடை முன் நடைபாதையான அஞ்சடியில் பத்து இதழ்களைக் காயவைத்து அப்பளமாக்கியவன். மின்விசிறிக் காற்றில் நிழலில் உலர்த்தினால் போதும். லேமினேட் வேண்டவே வேண்டாம். அடியில் 'தமிழ் நேசன்', 'தமிழ் முரசு' நாளிதழ்த் துண்டுகள் கிடந்தால் அவற்றை முதலில் பத்திரப்படுத்துங்கள்.

அப்புறம், பென்சில் குறிப்பு உள்ள இதழ் எந்த மாதத்தது என்று பார்த்து எழுதுங்கள். 1957-இல் அப்பாவிடம் சிற்றலை பிடிக்கிற ரேடியோ இருந்ததா என்று உறவில் வயதானவர்கள் யாரையாவது கேளுங்கள். சாதாரண வீட்டு ரேடியோவில் அந்த 'பீப் பீப்' தெளிவாகக் கேட்டிருக்காது. ஒரு மெல்லிய சீற்றம் விட்டுவிட்டு வந்திருக்கலாம். அதுவும் சுமார் மூன்று வாரம்தான். பிறகு ஸ்புட்னிக் பேசவில்லை.