தாழ்ப்பாள் எங்கே போயிற்று?

அன்புள்ள ஐயா,

வணக்கம். மூன்று வருடங்களாகச் சிறுகதை எழுதுகிறேன். இதழ்களுக்கு அனுப்பியவை எல்லாம் திரும்பி வந்துவிட்டன. ஒரே ஒரு ஆசிரியர் மட்டும் ‘மொழி இன்னும் செம்மைப்பட வேண்டும்’ என்று ஒரு வரி எழுதியிருந்தார். காசு கொடுத்து எடிட்டர் வைத்துக்கொள்ள எனக்கு வசதி இல்லை. அதனால் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் கருவிகளைப் பயன்படுத்தத் தொடங்கினேன். முதலில் பிழைதிருத்தியில் போட்டுப் பார்த்தேன். பிறகு ஒரு செயற்கை நுண்ணறிவுச் செயலியிடம் கதையைக் கொடுத்து ‘மெருகேற்று’ என்றேன். அரை நிமிடத்தில் கதை முழுவதும் புதிதாக வந்துவிட்டது. பழையதையும் புதியதையும் இணைத்திருக்கிறேன். எது மேல்? எந்தெந்தக் கருவிகளை எந்த வரிசையில் பயன்படுத்தலாம்? ஆங்கிலத்தில் இருப்பதுபோல் எளிமைக்கு மதிப்பெண் போடும் கருவி தமிழில் உண்டா? இப்படியெல்லாம் செய்வது தவறா?

க.

*

அன்புள்ள க.,

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில். தவறில்லை. கையில் காசில்லாதவர் இலவசமாகக் கிடைப்பதை எடுத்துக்கொள்வதில் ஒரு குற்றமும் இல்லை. அதற்காக யாரிடமும் கூனிக் குறுக வேண்டாம்.

ஆனால் உங்கள்மேல் எனக்குக் கோபம் இருக்கிறது. இரண்டு வடிவங்களையும் அடுத்தடுத்து வைத்து இரண்டு முறை படித்தேன். பழையதில் இரண்டாம் பக்கத்தில் இப்படி எழுதியிருக்கிறீர்கள்: ‘அம்மா கதவைத் திறக்கவில்லை. தாழ்ப்பாளைத் தொட்டுக்கொண்டு நின்றாள்.’ மெருகேறி வந்ததில் அதே இடம் இப்படி இருக்கிறது: ‘அம்மா மிகுந்த தயக்கத்துடனும் சொல்லொணா மனவேதனையுடனும் கதவைத் திறக்காமல் அமைதியாக நின்றுகொண்டிருந்தாள்.’

தாழ்ப்பாள் எங்கே போயிற்று?

உங்கள் கதையிலேயே நல்ல வரி அதுதான். வெளியே மகன் நிற்கிறான். உள்ளே அம்மா. அவள் கை தாழ்ப்பாள்மேல் இருக்கிறது, ஆனால் இழுக்கவில்லை. தயக்கம் அங்கே இருக்கிறது, வேதனையும் இருக்கிறது, கொஞ்சம் வீம்பும்கூட இருக்கிறது. ஒன்றின் பெயரையும் நீங்கள் சொல்லவில்லை. அதனால்தான் எல்லாம் எனக்குத் தெரிந்தது. அந்தக் கருவி தயக்கத்துக்கும் வேதனைக்கும் பெயர்ச்சீட்டு எழுதி ஒட்டிவிட்டு, தாழ்ப்பாளைக் கழற்றி எறிந்துவிட்டது. நீங்கள் அதைப் பார்த்துவிட்டு, எது மேல் என்று என்னிடம் கேட்கிறீர்கள்! மூன்று வருடம் எழுதியவர் கேட்கிற கேள்வியா இது? உங்கள் அம்மாவின் கையை ஒருவன் தாழ்ப்பாளிலிருந்து எடுத்துவிட்டான், அதுகூட உங்கள் கண்ணில் படவில்லையே என்று எனக்கு வருத்தமாக இருந்தது.

இதைப் படிக்கும்போது எனக்கு ஒரு பெரியவர் ஞாபகம் வந்தார். சில மாதங்களாகவே அவரை நினைத்துக்கொண்டிருந்தேன். உங்கள் கடிதம் அவரை எதிரில் கொண்டுவந்து உட்கார வைத்துவிட்டது.

இருபது வயதில் ஓர் அச்சகத்தில் புரூஃப் பார்ப்பவருக்கு உதவியாளாக இருந்தேன். கையெழுத்துப் பிரதியை நான் உரக்க வாசிப்பேன். அவர் அச்சுத்தாளில் விரலை ஓட்டிக்கொண்டே வருவார். குறிகளையும் வாயால் சொல்ல வேண்டும். ‘பத்தி, மேற்கோள், எப்போது வந்தாய், கேள்வி, மேற்கோள் முடிந்தது’ என்று நாள் முழுக்க ஓதிக்கொண்டிருப்பேன். அவர் கையில் இரண்டு எழுதுகோல்கள் இருக்கும். ஒன்று சிவப்பு மைப் பேனா, அச்சுக்கோப்பவர் செய்த பிழைக்கு. மற்றொன்று பென்சில், எழுதியவரிடம் கேட்க வேண்டியதற்கு. பென்சிலால் வாக்கியத்தில் கை வைக்கவே மாட்டார். ஓரத்தில் ஒரு கேள்விக்குறி, பக்கத்தில் இரண்டு மூன்று சொற்கள், அவ்வளவுதான். எழுதியவர் ‘அப்படியே இருக்கட்டும்’ என்றால் ரப்பரால் அழித்துவிடுவார். முணுமுணுப்பு இருக்காது.

என் கதை ஒன்று அவர் மேஜைக்கு வந்தது. கதை சொல்பவன் ஒரு பெண்ணின் பின்னால் நிற்கிறான். அவள் சன்னல் வழியே வெளியே பார்த்துக்கொண்டிருக்கிறாள். ‘அவள் கண்கள் கலங்கியிருந்தன’ என்று எழுதியிருந்தேன். அந்த வரி எனக்கு ரொம்பப் பிடிக்கும். ஓரத்தில் பென்சிலில் கேட்டிருந்தார்: ‘? பின்னால் நிற்பவனுக்குக் கண் எப்படித் தெரிந்தது’. அன்று இரவு நான் தூங்கவில்லை. அந்த வரியை எடுத்தேன். எடுத்ததும், அவள் தோளை அவன் பார்க்க வேண்டியதாயிற்று. தோளைப் பார்த்ததும் கதை வேறாகிவிட்டது. அவர் ஒரு சொல்லைக்கூட மாற்றவில்லை, க. மாற்றியவன் நான்.

உங்கள் கருவிகளைப் பற்றி நான் சொல்லப்போவது எல்லாம் இதற்குள் இருக்கிறது. கோடு போட்டுவிட்டு உங்களுக்காகக் காத்திருக்கும் கருவி ஒரு வகை. காத்திருக்காமல் எழுதிவிடும் கருவி இன்னொரு வகை. முதல் வகையை எவ்வளவு வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளுங்கள்.

பிழைதிருத்தி முதல் வகை. தமிழுக்கு நல்லவை இருக்கின்றன. நீச்சல்காரன் என்ற பெயரில் இயங்கும் நிரலாளர் உருவாக்கிய ‘வாணி’ எழுத்துப்பிழையைப் பார்க்கும், ‘நாவி’ சந்திப்பிழையைப் பார்க்கும். இரண்டும் இலவசம். தனி ஆள் ஒருவர் மொழிமேல் உள்ள பிரியத்தால் செய்து கொடுத்த வேலை, நன்றியோடு பயன்படுத்துங்கள். லிப்ரே ஆஃபீஸ் எழுத்துச் செயலி, ஃபயர்ஃபாக்ஸ் உலாவி போன்றவற்றில் சொல்லின் அடியில் சிவப்புக் கோடு போடுவது ‘ஹன்ஸ்பெல்’ என்ற கட்டற்ற மென்பொருள். ஹங்கேரிய மொழிக்காகப் பிறந்தது. ஹங்கேரியமும் தமிழைப் போலவே ஒட்டுநிலை மொழி, வேர்ச்சொல்லோடு விகுதிகள் ஒட்டிக்கொண்டே போகும். வேர்ச்சொற்களின் பட்டியல் ஒரு கோப்பிலும், அவற்றோடு எது எது ஒட்டலாம் என்ற விதிகள் இன்னொரு கோப்பிலும் இருக்கும். நம்முடைய ‘வீட்டிலிருந்துதானே’ மாதிரி ஒரு சொல் அந்த விதிகளுக்குள் அடங்காவிட்டால் சிவப்புக் கோடு விழும். சொல்மேல் குற்றமில்லை. சிவப்பைக் கண்டு பதறி நல்ல சொல்லை உடைத்துப் போடாதீர்கள். நீங்கள் அப்படிச் செய்திருக்கிறீர்கள். நான்காம் பக்கத்தில் ‘போகத்தானே’ என்பது ‘போக தானே’ என்று இரண்டாகக் கிடக்கிறது.

மறுபக்கமும் உண்டு. ‘பூவின் மனம் வீசியது’ என்று எழுதினால் எழுத்துப்பிழைதிருத்தி வாய் திறக்காது. மனமும் சொல், மணமும் சொல். கரை, கறை. அரம், அறம். அகராதியில் இருக்கும் சொல்லாக இருந்தால் அது வழிவிட்டுவிடும். சந்தியில் இது இன்னும் மோசம். ‘வேலை கொடுத்தான்’ என்றால் பிழைக்க ஒரு வழி செய்து கொடுத்தான். ‘வேலைக் கொடுத்தான்’ என்றால் கையில் ஆயுதத்தைக் கொடுத்தான். ஒரு புள்ளிவைத்த எழுத்து. இரண்டும் இலக்கணப்படி சரி. உங்கள் கதையில் வருகிறவன் எதைக் கொடுத்தான் என்பது உங்களுக்குத்தான் தெரியும். ‘எல்லாவற்றையும் ஏற்றுக்கொள்’ என்று ஒரு பொத்தான் இருக்குமே, அதன்மேல் விரலை வைக்கவே வைக்காதீர்கள். ஒவ்வொரு கோட்டிலும் நின்று, ‘ஆமாம்’, ‘இல்லை’ என்று சொல்லிக்கொண்டே வாருங்கள். ஆறு பக்கக் கதைக்கு ஒரு மணி நேரம் ஆகும். ஆகட்டுமே.

எனக்கே ஒரு முறை நடந்தது. ஓர் இணைய இதழ் என் கதையைத் தானியங்கித் திருத்தியில் போட்டு, என்னிடம் கேட்காமல் வெளியிட்டுவிட்டது. கிழவி ஒருத்தி ‘அவன் வந்துக்கிட்டு இருக்கான்யா’ என்று சொல்லும் இடத்தில், ‘அவன் வந்துகொண்டு இருக்கிறான் ஐயா’ என்று பாடநூல் வாசித்தாள். அவளுடைய பல்லில்லாத வாயை யாரோ கட்டிப்போட்ட மாதிரி இருந்தது எனக்கு. பேச்சு வழக்கு வரும் உரையாடல்களைக் கருவிக்குக் கொடுக்காமல் தனியே எடுத்து வைத்துவிடுங்கள்.

மதிப்பெண் போடும் கருவி பற்றிக் கேட்டிருந்தீர்கள். விடுங்கள் அதை. ஆங்கிலத்தில் ருடால்ஃப் ஃபிளெஷ் 1948-ல் கொடுத்த சூத்திரம் ஒன்று இன்றும் புழக்கத்தில் இருக்கிறது. வாக்கியத்துக்கு எத்தனை சொல், சொல்லுக்கு எத்தனை அசை, அதாவது ஒலித்துண்டு, என்று எண்ணி, கூட்டிக் கழித்து ஓர் எண் தரும். எண் குறையக் குறையப் படிக்கக் கடினம் என்று பொருள். நம்முடைய ‘போய்க்கொண்டிருந்தவர்களுக்காக’ ஒரே சொல். வாய்விட்டுச் சொன்னால் பத்து அசை வரும். அந்தச் சூத்திரத்தில் போட்டால் எண் பூச்சியத்துக்கும் கீழே போய்விடும். ‘ஹெமிங்வே’ என்ற ஆங்கிலச் செயலி நீள வாக்கியத்துக்கு மஞ்சளும் சிவப்பும் பூசும். அதன் நோக்கம் நல்லது, ஆனால் அது ஆங்கிலத்துக்குச் செய்தது.

உங்களுக்கு உண்மையில் தேவைப்படும் கருவி ஏற்கெனவே உங்களிடம் இருக்கிறது. தேடல் பெட்டி. எந்த எழுத்துச் செயலியிலும் இருக்கும். அதில் ‘கொண்டிருந்’ என்று மட்டும் தட்டுங்கள். கொண்டிருந்தான், கொண்டிருந்தாள், கொண்டிருந்தது எல்லாம் ஒரே வலையில் விழும். உங்கள் பழைய வடிவத்தில் நான் தேடிப் பார்த்தேன், ஆறு பக்கத்தில் 27 இடம். நின்றுகொண்டிருந்தான், பார்த்துக்கொண்டிருந்தான், யோசித்துக்கொண்டிருந்தான். ஒருவனும் எதையும் செய்து முடிப்பதில்லை! அந்த ஆசிரியர் ‘செம்மை’ என்று எழுதியது இதைத்தான் என்று நினைக்கிறேன். 27-ல் நான்கோ ஐந்தோ போதும். மற்ற இடங்களில் ‘நின்றான்’, ‘பார்த்தான்’. மாற்றிவிட்டு வாய்விட்டுப் படித்துப் பாருங்கள், கதை நடக்க ஆரம்பிக்கும். அடுத்து ‘மிகவும்’ தேடுங்கள். அடுத்து ‘ஒரு’. இந்த எண்ணிக்கையைப் பார்க்கும்போது வெட்கமாகத்தான் இருக்கும். பரவாயில்லை, வேறு யாரும் பார்க்கப்போவதில்லை.

வாய்விட்டுப் படிப்பதைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அந்தப் பெரியவரிடம் நான் வாசிக்கும்போது எங்காவது நாக்குத் தடுக்கினால், அந்த இடத்தில் பென்சிலால் லேசாக ஒரு கோடு போடுவார். அச்சில் பிழை இருக்காது. ஆனாலும் போடுவார். ‘நீ தடுக்கின இடத்துல படிக்கிறவனும் தடுக்குவான்’ என்பார். இன்று இணையத்தில் படித்துக்காட்டும் வசதி வந்துவிட்டது. எட்ஜ் உலாவியில் தமிழுக்குக் குரல்கள் இருக்கின்றன, பல்லவி என்று ஒன்று, வள்ளுவர் என்று ஒன்று. கண்ணை மூடிக்கொண்டு கேளுங்கள். விட்டுப்போன சொல், இரண்டு முறை விழுந்த சொல், எழுவாய் ஓரிடத்திலும் பயனிலை வேறிடத்திலுமாகத் தொங்கும் வாக்கியம் எல்லாம் காதில் இடிக்கும். உங்கள் கண் தான் எழுதியதைத் தானே சரிசெய்துகொண்டு படித்துவிடும், அந்தக் குரல் எழுத்தில் இருப்பதை மட்டும் படிக்கும். ஆனால் அதற்கு நாக்குத் தடுக்காது. எவ்வளவு முரடான வாக்கியத்தையும் வழுக்கிக்கொண்டு சொல்லிவிடும். அதனால் முதலில் நீங்கள் வாசியுங்கள், கையில் பென்சிலோடு. பிறகு அது வாசிக்கட்டும்.

அகராதிக்கும் காசு வேண்டாம். சென்னைப் பல்கலைக்கழகம் 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வெளியிட்ட தமிழ் லெக்சிகன், சிகாகோ பல்கலைக்கழகத்தின் தளத்தில் முழுவதும் இருக்கிறது. ‘சொல்லொணா’ என்று அந்தக் கருவி போட்டதே, அதன் பொருளை அதில் தேடிப் படித்துவிட்டு, உங்கள் அம்மா இருக்கும் வீட்டில் அந்தச் சொல் புழங்குமா என்று யோசியுங்கள்.

செயற்கை நுண்ணறிவை என்ன செய்வது? தூக்கி எறியச் சொல்லமாட்டேன். அதன் கையில் சிவப்புப் பேனாவைக் கொடுத்தீர்கள். பிடுங்கிக்கொண்டு பென்சிலைக் கொடுங்கள். ‘மெருகேற்று’ என்று சொல்லாதீர்கள். ‘ஒரு சொல்லையும் மாற்றாதே, மாற்றி எழுதியும் காட்டாதே. புரியாத இடம், முன்னுக்குப்பின் முரணான இடம், யார் பார்வையில் நடக்கிறது என்று குழப்பும் இடம் இருந்தால் கேள்வியாக மட்டும் கேள்’ என்று எழுதுங்கள். நான் செய்து பார்த்திருக்கிறேன். பத்துக் கேள்வி கேட்டால் ஏழு உப்புச் சப்பில்லாமல் இருக்கும். மீதி மூன்று நம்மை உட்கார வைக்கும். அந்த மூன்றுக்கும் பதிலை நீங்களே எழுதுங்கள். ஒன்று மட்டும் கவனம். எங்கும் வெளிவராத கதையை எந்தத் தளத்தில் ஒட்டினாலும், அதை அவர்கள் சேமித்து வைக்கிறார்களா என்று விதிமுறைகளைப் படித்துவிட்டு ஒட்டுங்கள்.

வரிசை கேட்டிருந்தீர்கள். கருவிகளெல்லாம் கடைசியில். கதையை முடித்து, குறைந்தது ஒரு வாரம் மூடி வைத்து, வாய்விட்டுப் படித்த பிறகு.

மெருகேற்றிய வடிவத்தை அழித்துவிடுங்கள். பழையதை எடுத்து 27-ஐக் குறைத்து எனக்கு அனுப்புங்கள், படிக்கிறேன். இரண்டாம் பக்கத்தின் ஓரத்தில் நானும் ஒரு கேள்விக்குறி போட்டிருக்கிறேன். மகன் கதவைத் தட்டியதும் அம்மா தாழ்ப்பாளைத் தொடுகிறாள். அப்போது அது போட்டிருந்ததா, திறந்தே இருந்ததா? நீங்கள் எழுதவில்லை.

அன்புடன்.