புரோட்டீன் பொடி எடுக்க மீல்வார்ம் (ஒரு வகை வண்டோட புழு) அரைச்சதும் கறுக்குதுன்னா

அரைக்கிறதுக்கு முன்னாடி கொதிக்கிற தண்ணில ஒரு நிமிஷம் போட்டு எடுங்க. பச்சையா மிக்ஸில அடிச்சு, காரம் (ஆல்கலி) சேர்த்து பிஹெச் 10ல கரைச்சு, அப்புறம் பிஹெச்சை 4.5க்குக் குறைச்சு புரோட்டீனை அடியில படிய வச்சா பொடி சாம்பல் கலர்ல தான் வரும்.

பெரும்பாலும் ஃபீனால் ஆக்ஸிடேஸ் என்சைம் தான் காரணம், உடம்பு கிழிஞ்சு காத்து பட்டதும் மெலனின்ங்கிற கறுப்பு நிறமியை உண்டாக்கும், வெட்டின வாழைக்காய் கறுக்கிற மாதிரி.

செக் பண்ண, ஒரே பேட்ச்ல பாதி பச்சையா பாதி கொதிநீர்ல போட்டு அரைச்சு வெள்ளைத் தட்டுல பத்து நிமிஷம் வைங்க, பச்சை மட்டும் மேலாப்ல கறுத்துட்டு வந்தா என்சைம் தான், ரெண்டுமே கறுக்கலைன்னா கரைக்கிறப்போ சேர்க்கிற காரத்தைக் குறைச்சுப் பாருங்க.

ஆனா சூடு பட்ட புரோட்டீன் சரியா கரையாது, ஈல்டு (கிடைக்கிற புரோட்டீன் அளவு) குறையும். ஈல்டு தான் முக்கியம்னா பச்சையாவே ஐஸ் தண்ணில அஸ்கார்பிக் ஆசிட் (வைட்டமின் சி) போட்டு அரைங்க.

இன்னொண்ணு, முழுப்புழு பொடில எவ்வளவு புரோட்டீன்னு கணக்குப் போட நைட்ரஜன் அளவை 6.25ஆல பெருக்காதீங்க, புழுவோட தோல்ல இருக்கிற கைட்டின் நைட்ரஜனும் சேர்ந்து கூடுதலா காட்டும், 4.76 போடுங்க. இறால் அலர்ஜி இருக்கவங்களுக்கு இது ஆபத்து, யாருக்குக் கொடுத்தாலும் கேட்டுட்டு கொடுங்க.